மே மாதத்துக்குக் கணக்குப் போட்டு மீன் வாங்கு

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தம்பி. அம்மோனியா குழாய் மஞ்சள், நைட்ரைட் குழாய் வெளிர்நீலம், நைட்ரேட் குழாய் மட்டும் செக்கச்செவேல். தொட்டி சைக்கிள் ஆகிவிட்டது, சந்தேகமே வேண்டாம். மீனே இல்லாத கண்ணாடிப் பெட்டிக்கு வாரக்கணக்கில் தீனி போட்டு, "உனக்கென்ன பைத்தியமாடா" என்று அம்மாவிடம் வாங்கியும் கட்டிக்கொண்டு, பொறுமையாக இருந்தாயே, அதற்கே ஒரு சபாஷ்.

ஆனால் அதே மெசேஜின் கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாளைக்குப் போய் ஒன்பது கோல்டு ஃபிஷ் வாங்கப்போறேன்க்கா, அம்மா வாஸ்துக்குச் சொன்னாங்க." சைக்கிள் ஆகாத தொட்டியில் மீனைப் போட்டுச் சாகடிப்பவர்கள் ஒரு ரகம். சைக்கிள் முடிந்த சந்தோஷத்தில் ஒரே நாளில் தொட்டியை நிரப்பிச் சாகடிப்பவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தில் விவரம் தெரிந்தவர்கள்தான் அதிகம். நாளைக்குக் கடைக்குப் போகாதே. முதலில் இதைப் படி.

உன் பாக்டீரியா எவ்வளவு தாங்கும்?

சைக்கிள் ஆன தொட்டி என்றால் எத்தனை மீனையும் தாங்கும் தொட்டி என்று அர்த்தமில்லை. மீன் கழிவிலும் அழுகும் தீனியிலும் இருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்குகிறது. அதை இன்னொரு வகை நைட்ரேட்டாக்குகிறது. முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவு வரை பரவாயில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ யோசிக்காமல் விட்டது ஒன்றுதான்: அந்தப் பாக்டீரியா, கிடைக்கிற சாப்பாட்டுக்குத் தகுந்த அளவுக்குத்தான் பெருகும். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டாய். ஒரு சிட்டிகை தீனியில் வருகிற அம்மோனியாவைக் கையாளும் அளவுக்குத்தான் உன் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் பாக்டீரியா இருக்கிறது. நாளைக்கே அதைப்போலப் பத்து மடங்கு கழிவு வந்தால், கூட்டம் பெருகும் வரை நடுவில் சில நாட்களுக்கு அம்மோனியா தண்ணீரில் நிற்கும். அந்தச் சில நாட்களில்தான் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும், செவுள் சிவக்கும்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய். ஆன்லைனில் பாக்கெட் தராசு என்று ஒன்று விற்கிறார்கள், நகை நிறுக்கும் அளவுக்குச் சின்னது. அது கிடைத்தால் ஒரு கிராம் தீனியை நிறுத்து, வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, பழைய ஏ.டி.எம். கார்டால் பத்துக் குவியலாகப் பிரி. ஒரு குவியல் 100 மில்லிகிராம். நீ இத்தனை நாள் போட்ட சிட்டிகை எத்தனை குவியல் என்று பார். அதுதான் உன் தொட்டியின் இன்றைய கொள்ளளவு. எத்தனை லிட்டர், எத்தனை அடி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னொன்று. மீன் வாங்கப் பத்து நாள் தள்ளிப்போனால், 'தொட்டிதான் ரெடியாகிவிட்டதே' என்று தீனியை நிறுத்திவிடாதே. பாக்டீரியாவும் பட்டினி கிடந்தால் குறையும். மீன் வரும் நாளுக்கு முந்தின நாள் வரை அதே சிட்டிகை போய்க்கொண்டே இருக்கட்டும்.

இஞ்ச் கணக்கை நம்பாதே

கடைக்காரர் உன்னிடம் ஒரு கணக்கு சொல்வார்: ஓர் இஞ்ச் மீனுக்கு நாலு லிட்டர். வெளிநாட்டுப் பழைய புத்தகங்களில் இருந்து வந்த சூத்திரம் அது. கப்பி மாதிரிப் பொடி மீனுக்கு ஏதோ ஒப்பேறும். மற்றதற்கு உதவாது. ஒரு மீன் நீளத்தில் இரண்டு மடங்கு வளர்ந்தால் எடையில் ஏறக்குறைய எட்டு மடங்கு கூடும். சாப்பாடும் கழிவும் எடையைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்தது இல்லை. பத்து இஞ்ச் ஆஸ்கர் ஒன்றும், ஓர் இஞ்ச் கப்பி பத்தும் ஒன்றாகுமா?

அதோடு உன் தொட்டி 57 லிட்டரும் கிடையாது. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் இரண்டு கன அடி, 57 லிட்டர் என்று பில்லில் கணக்கு வரும். கண்ணாடித் தடிமனைக் கழி, அடியில் ஒன்றரை இஞ்ச் கூழாங்கல்லைக் கழி, மேலே விட்ட ஒன்றரை இஞ்ச் காலி இடத்தைக் கழி. தண்ணீர் சுமார் 42 லிட்டர்தான் தேறும். சந்தேகமிருந்தால் அடுத்த முறை நிரப்பும்போது பக்கெட்டை எண்ணு.

இப்போது அம்மாவின் ஒன்பதுக்கு வருவோம். மீன் தீனியில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக ஒரு கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அத்தனையும் கடைசியில் நைட்ரேட்டாகவே முடிகிறது என்று வைத்துக்கொண்டால் (கொஞ்சம் மீனின் உடம்பில் சேரும், அதனால் இது அதிகபட்சக் கணக்கு), உன் 42 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு ஆறேமுக்கால் மில்லிகிராம் நைட்ரேட் ஏறும். டெஸ்ட் கிட்டில் பி.பி.எம். என்று போட்டிருப்பதும் இதே அளவுதான்.

கடையில் இரண்டு இஞ்சுக்கு விற்கும் உருண்டை கோல்டு ஃபிஷ் ஒன்று ஏழு கிராம் என்று வை. ஒன்பதுக்கு 63 கிராம். உடல் எடையில் இரண்டு சதவீதம் தீனி கொடுத்தாலே தினம் ஒன்றேகால் கிராம். வாரத்துக்கு ஒன்பது கிராமை ஒட்டி வந்துவிடும். ஒரே வாரத்தில் நைட்ரேட் 60 ஏறும். வாங்கின அன்றைய அளவுக்கே இந்தக் கணக்கு, அது வளராத பட்சத்தில். ஆனால் கோல்டு ஃபிஷ் வளரும். உருண்டை ரகங்களே கைப்பிடியைத் தாண்டி ஆறு, ஏழு இஞ்ச் வரும். நீள ரகம் ஓர் அடியையே தொடும். போதாக்குறைக்கு அது குளிர்ந்த தண்ணீர் மீன். 20 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும். நம்மூர் தண்ணீர் மார்கழி விடியலில் ஒருவேளை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம்.

ஆண் கப்பி ஒன்று கால் கிராம்கூடப் பெரும்பாலும் இருக்காது. ஒன்பதும் சேர்ந்து தினம் ஒரு குவியல், அதாவது 100 மில்லிகிராம் சாப்பிட்டால் போதும். வாரத்துக்கு முக்கால் கிராமுக்கும் கீழே. நைட்ரேட் நாலு, ஐந்து ஏறும். வாராவாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றினால் அது பதினைந்தை ஒட்டியே நின்றுவிடும். இரண்டு இடத்திலும் மீன் ஒன்பதுதான். தொட்டியின் மேல் விழும் சுமை மட்டும் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்து வாசலில் நின்று பார்க்கிறாய். 14 கிலோமீட்டர் ரோட்டில் எல்லோருக்கும் நடக்க இடம் கிடைத்துவிடுகிறது. திண்டாட்டமெல்லாம் கழிப்பறைக்கும் குப்பைக்கும்தான். தொட்டியும் அப்படியேதான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் நிறையக் காலி இடம் தெரியும், அதை வைத்து மீன் வாங்கக்கூடாது.

கணக்கு மே மாதத்துக்கு

நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உன் தொட்டி இருக்கும் ஊர். கொடைக்கானலில் இருந்தால் கொஞ்சம் விட்டுப் பிடித்திருப்பேன்.

முதல் விஷயம், தண்ணீர். நம் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பக்கெட் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும். உன் போட்டோவிலேயே பி.எச். 8-ஐ ஒட்டி நிற்கிறது. பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம்தான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பி.எச். 8-ல் அது 25 டிகிரிக்கே 5 சதவீதம். தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடானால் 7-ஐத் தாண்டும். சாதுவான தண்ணீரில் மீன் தும்மிவிட்டுப் போகும் அதே அளவு அம்மோனியா, நம் தண்ணீரில் ஆளையே சாய்த்துவிடும்.

இரண்டாவது, காற்று. 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். அதே சமயம் தண்ணீர் பத்து டிகிரி ஏறினால் மீனின் உடம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். மூச்சும் அதற்குத் தகுந்தபடி வேண்டும். தேவை ஏறுகிறது, இருப்பு இறங்குகிறது. இதில் கரண்டும் போய்விட்டால்? மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டுவிட்டு நிறுத்துவார்களே, காலை 9 மணிக்குப் போனால் மதியம் தாண்டித்தான் வரும். அக்னி நட்சத்திரத்தில், மதியம் ஒரு மணிக்கு, ஏர் பம்ப் ஓடாத தொட்டியில் எத்தனை மீன் திணறாமல் இருக்குமோ, அதுதான் உன் தொட்டிக்கான எண்ணிக்கை. தை மாதத்துச் சாயங்காலம் பார்த்து முடிவு செய்யாதே.

தொட்டியை எங்கே வைத்திருக்கிறாய் என்பதும் இதில் சேரும். நம் ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. சாயங்கால வெயிலை மலை சீக்கிரமே மறைத்துவிடும், காலை வெயில்தான் முழுசாக வீட்டுக்குள் விழும். கிழக்கு ஜன்னலோரம் அழகாக இருக்கிறது என்று வைத்திருந்தால் மீன் வருவதற்குள் மாற்று. தண்ணீரோடு தொட்டியைத் தூக்காதே, கண்ணாடி ஒட்டு விட்டுவிடும். தண்ணீரைப் பக்கெட்டில் இறக்கி, ஸ்பாஞ்ச் காயாமல் அதே பக்கெட்டில் போட்டு, பிறகு நகர்த்து.

ஏர் பம்ப் மூன்று, நாலு வாட்ஸ்தான் இழுக்கும். அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் கேள். ஃபேனுக்கே போதவில்லை என்பார், விடாதே. அதுவும் நடக்காவிட்டால் சார்ஜ் போட்டு வைக்கும் சின்ன ஏர் பம்ப் கிடைக்கிறது. எதுவும் இல்லாத அவசரத்தில் ஒரு மக் எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு சாண் உயரத்தில் இருந்து திரும்ப ஊற்று. கால் மணிக்கு ஒரு தரம் பத்து மக். கரண்ட் இல்லாத நாளில் தீனி கிடையாது. ஒரு நாள் பட்டினியில் எந்த மீனும் சாகாது.

கோடையில் மூடியைத் திறந்து மேலே வலை போட்டு, டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக வற்றும். வற்றின அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்று, ஏனென்றால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். முழுத் தொட்டியையும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பும் யோசனை வேண்டவே வேண்டாம். அதில் பி.எச்.-ஐத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமே இருக்காது, திடீரென்று சரிந்தால் பாக்டீரியாவும் படுத்துவிடும். வாராந்திர மாற்றத்துக்கு ஒரே தண்ணீரைப் பிடித்துக்கொள். ஒரு வாரம் போர், மறு வாரம் குழாய் என்று மாற்றாதே. குழாய்த் தண்ணீர்தான் என்றால் ஒரு ராத்திரி திறந்து வைத்து, ஆன்டி குளோரின் சொட்டு விட்டு ஊற்று. மேல்நிலைத் தொட்டி கழுவி ப்ளீச்சிங் பவுடர் வாசனை தூக்கலாக வரும் அன்று தண்ணீர் மாற்றும் வேலையைத் தள்ளிப்போடு.

எந்த ஒன்பது?

எட்டு தங்க நிறம், ஒன்று கறுப்பு. கண் திருஷ்டியை அந்தக் கறுப்பு வாங்கிக்கொள்ளும், அது செத்தால் வீட்டுக்கு வர இருந்த கெடுதல் அதோடு போயிற்று என்று அர்த்தம். மீன் விற்பவர்களுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை உண்டா, சொல்! நெரிசலில் செத்த மீனுக்குக்கூடக் கடையில் யாரும் பதில் சொல்லவேண்டாம்.

அம்மாவோடு மல்லுக்கு நிற்காதே. எண்ணிக்கையும் நிறமும்தானே அவருக்கு வேண்டும். ஒன்பது ஆண் கப்பி வாங்கு. எட்டு ஆரஞ்சு அல்லது சிவப்பு, ஒன்று கறுப்பு. கப்பியில் இரண்டு நிறமும் தாராளமாகக் கிடைக்கும். கப்பிக்கு நம் உப்புத் தண்ணீர் பிடிக்கும். கடினமான, பி.எச். கூடின தண்ணீரில்தான் அது நன்றாக இருக்கும். வெயிலையும் ஓரளவு தாங்கும். அம்மாவுக்கும் நிம்மதி, தொட்டிக்கும் நிம்மதி.

ஆண்தான் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதே. "ஜோடியாக வாங்குங்க, அழகாக இருக்கும்" என்பார்கள். பெண் கப்பி குட்டி போடும் ரகம். ஏறக்குறைய மாதம் ஒரு தரம், ஒரு ஈற்றுக்கு இருபது, முப்பது என்று போடும். ஒருமுறை சேர்ந்தால் போதும், ஆண் துணையே இல்லாமல் பல மாதங்களுக்குக் குட்டி போட அதனால் முடியும். கடைத் தொட்டியில் ஆணோடு கலந்து கிடந்த பெண் ஏற்கெனவே சினையாகத்தான் உன் வீட்டுக்கு வரும். எண்ணி எண்ணி வாங்கினாலும் தீபாவளிக்கு வாங்கினது பொங்கலுக்குள் நெரிசலாகிவிடும். அடையாளம் சுலபம். ஆண் மெலிதாக, வால் விசிறியாக, நிறம் உடம்பெல்லாம் இருக்கும். அடிவயிற்றில் பின்பக்கத் துடுப்பு குச்சி மாதிரி நீண்டிருக்கும். பெண்ணுக்கு அது முக்கோணமாக விரியும், அதன் அருகே வயிற்றில் ஒரு கறுப்பு நிழல் தெரியும். வலையில் பிடித்ததும் கவரில் போட்டுவிடுவார்கள், கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சரிபார்த்த பிறகு காசு கொடு.

கப்பி வேண்டாம் என்றால் ஜீப்ரா டேனியோ ஆறு. நம் நாட்டு மீன், துறுதுறுவென்று இருக்கும், தாவும் என்பதால் மூடி அவசியம். இரண்டையும் கலக்கத் தேவையில்லை.

கடையில் உன் கண் போகப்போகிற சிலதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சக்கர் மீன்: "தொட்டியைச் சுத்தம் பண்ணிடும் தம்பி" என்று இனாமாகக்கூடக் கொடுப்பார்கள். பாசியைக் கொஞ்சம் சுரண்டும், பதிலுக்குக் கயிறு கயிறாகக் கழிவு போடும். விரல் நீளத்தில் வந்து ஓர் அடிக்கு மேல் வளரும். அப்போது என்ன செய்வாய்? எல்லோரும் செய்வதைத்தான், ஏரியிலோ குளத்திலோ விடுவாய். தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் என்று பல இடங்களில் நீர்நிலைகளில் அது பெருகிக் கிடப்பதற்கு இப்படி விட்டவர்கள்தான் காரணம். கரையைக் குடைந்து பொந்து போடும், மேலே முள் கவசம், நம்மூரில் அதைத் தின்ன ஆளில்லை. கிரிவலப் பாதை நெடுக எத்தனை தீர்த்தம் இருக்கிறது நமக்கு. புண்ணியம் என்று நினைத்துக்கூட எந்தக் கடை மீனையும் அதில் விடாதே.

அப்புறம் 'ஷார்க்' என்று வெள்ளி நிறத்தில் கூட்டமாக ஓடுமே, அது சுறாவே இல்லை. ஹோட்டலில் பாசா என்று முள்ளில்லாமல் பொரித்துத் தருகிறார்களே, அதே கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். பண்ணைக் குளத்தில் இருக்கவேண்டியதை இரண்டடித் தொட்டிக்கு விற்கிறார்கள். ஏஞ்சல் உயரமாக வளரும், பெரிதானதும் கப்பியை முழுங்கும். டைகர் பார்ப் கப்பி வாலைக் கடித்துத் துண்டாக்கும். ஃபைட்டர் தனியாக இருந்தால் ராஜா, கப்பி வாலைப் பார்த்தால் எதிரி என்று நினைக்கும். நியான் டெட்ரா பளபளவென்று கூப்பிடும். அது மென்மையான தண்ணீர் மீன், நம் போர் தண்ணீரில் சிரமப்படும்.

மூன்று மூன்றாக

முதல் மூன்று மீன் வருவதற்கு முந்தின நாள் முக்கால்வாசித் தண்ணீரை மாற்று. உன் நைட்ரேட் குழாய் இருக்கும் சிவப்புக்கு அது வேண்டும். பாக்டீரியா தண்ணீரில் இல்லை, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் இருக்கிறது. அதனால் பயப்படாதே. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கொண்டுபோய் அலசினால்தான் பயப்படவேண்டும். எப்போதாவது அடைத்துக்கொண்டால், எடுத்த பழைய தொட்டித் தண்ணீரில் நாலு தரம் பிழிந்தால் போதும்.

திருவண்ணாமலையிலேயே கப்பி கிடைக்கும். கொளத்தூரில் ரகம் அதிகம், விலையும் குறைவு என்று சென்னைக்குக் கிளம்பினால், பஸ்ஸில் நாலு, ஐந்து மணி நேரம் ஆகும் என்பதை யோசி. ஆக்ஸிஜன் அடித்த கவராகக் கேள். முந்தின நாளே மீனுக்குத் தீனி போடாமல் வைக்கச் சொன்னால் கவர் தண்ணீர் கெடாது. தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துத் துண்டால் சுற்று, ஜன்னலோர வெயிலில் மடியில் வைத்துக்கொண்டு வராதே.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணை. கவரைத் திறக்காமல் கால் மணி, இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடு. சூடு சமமானதும் கவரை வெட்டி, மீனை வலையில் எடுத்து நேராகத் தொட்டியில் விடு. கவர் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. சிலர் கவரைத் திறந்து வைத்துச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் சேர்ப்பார்கள். பக்கத்துக் கடையில் வாங்கிய மீனுக்குச் சரி. நீண்ட பயணத்தில் மீன் விட்ட மூச்சுக்காற்று கவர் தண்ணீரின் பி.எச்.-ஐக் கீழே இறக்கி வைத்திருக்கும், அதனால் சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. கவரைத் திறந்ததும் அந்தக் காற்று வெளியேறும், பி.எச். ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். போதாததற்கு நம் பி.எச். 8 தண்ணீரையும் அதில் சொட்டவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அன்று தீனி இல்லை. மறுநாளிலிருந்து மூன்று மீனுக்கு ஒரு குவியலில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு வாரம் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார். ஏதாவது ஒன்று 0.25 காட்டினாலும் பாதித் தண்ணீர் மாற்று, தீனியை நிறுத்து. இரண்டும் பூஜ்யமாகவே நின்று பத்து, பதினைந்து நாள் ஆன பிறகுதான் அடுத்த மூன்று. பழைய சிட்டிகையே ஒரு குவியலுக்கு மேல் இருந்திருந்தால் ஒன்பதையும் சேர்த்து விடலாமே என்பாய். கணக்குப்படி விடலாம். ஆனால் ஒன்பதோடும் சேர்ந்து நோய் வந்தால் ஒன்பதும் போகும்.

முதல் மூன்றுக்குத் தனியாகத் தங்க இடம் தேவையில்லை, தொட்டியே அவற்றுக்குத் தனி இடம். இரண்டாவது தவணையில்தான் புதுசு பழசோடு சேருகிறது. அதற்கு இன்றைக்கே ஒரு வேலை செய்: இன்னொரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாங்கி அதே தொட்டியில் ஓடவிடு. புது மீன் வரும் அன்று அந்த ஸ்பாஞ்சை எடுத்து இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் போட்டால், சைக்கிள் ஆன இரண்டாவது தொட்டி தயார். புது மீன் அதில் இரண்டு வாரம் இருக்கட்டும். வெள்ளைப் புள்ளி, துடுப்பை ஒடுக்கிக்கொள்வது, ஓரமாக நின்று உடம்பை உரசுவது, எதுவும் இல்லையென்றால் உள்ளே சேர். நடுவில் ஒன்று செத்தால் அன்றே போய் மாற்று வாங்கி வராதே. தண்ணீரைப் பரிசோதி, ஒரு வாரம் பொறு.

ஒன்பதும் சேர்ந்த பிறகும் தொட்டி பாதி காலியாகத்தான் தெரியும். கை துறுதுறுக்கும். அப்போது வாராந்திரத் தண்ணீர் மாற்றத்துக்கு முன்னால் நைட்ரேட் பார்த்து காலண்டரில் எழுதிக்கொண்டு வா. இருபதுக்குள்ளேயே நின்றால் தொட்டி சந்தோஷமாக இருக்கிறது. நாற்பதைத் தொட்டால் மீன் அதிகம், இல்லையென்றால் தீனி அதிகம். இடம் காலியாக இருப்பது கண்ணை உறுத்தினால் செடி வை, வாலிஸ்நேரியா நம் கடினத் தண்ணீரிலும் வரும், நைட்ரேட்டையும் கொஞ்சம் இழுக்கும்.

சித்திரை, வைகாசியில் புது மீன் வாங்காதே. கார்த்திகை தீபத்துக்கு முன்னாலும் வேண்டாம். குளிர்காலம்தான், தண்ணீருக்கு நல்லதுதான், ஆனால் அந்தப் பத்து நாளும் வீடு நிறைய விருந்தாளிகள். வந்த குழந்தைகள் ஒவ்வொன்றும் "மீனுக்குப் பசிக்குதாம்" என்று தீனி டப்பாவைக் கவிழ்க்கும். போன தீபத்துக்கு அடுத்த தெருவில் ஒரு தொட்டி அப்படித்தான் பால் மாதிரி வெளுத்தது. பிரித்து வைத்த குவியல்களைப் பத்துப் பொட்டலமாக மடித்து அம்மாவிடம் கொடு, நாளுக்கு ஒன்று. டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டு, சாவியைச் சித்தப்பா கண்ணில் காட்டாதே. குழந்தைகளைவிட அவர்தான் அதிகம் போடுவார்.